மூன்று கொட்டேஷனில் வந்த கைப்பேசி

மனித குலத்தின் மாபெரும் முடிவுகள் எல்லாம் அவசரத்தில் எடுக்கப்பட்டவை. அதனால்தான் வரலாறு இந்த லட்சணத்தில் இருக்கிறது. இந்தக் குறையைத் தனி ஒருவராக நின்று போக்க முயன்றவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால், குழாய் உதிரிபாகம் செய்யும் நிறுவனம் ஒன்றின் கொள்முதல் அதிகாரியைத்தான் சொல்ல வேண்டும். புதுக் கைப்பேசி ஒன்று வாங்கலாமா, வேண்டாமா, வாங்கினால் கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று அவர் பதினோரு வாரம் யோசித்தார்.

அலுவலகத்தில் அவருக்கு ‘மூணு கொட்டேஷன்’ என்று பெயர். மூன்று கடையில் விலை கேட்டு, மூன்றையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுதி, கீழே கையெழுத்துப் போடாமல் ஒரு குண்டூசியைக்கூட அவர் உள்ளே விட்டதில்லை. வரவேற்பறைக் கடிகாரத்துக்கு பேட்டரி வாங்க இரண்டு கொட்டேஷன் வந்துவிட்டது. மூன்றாவது கடைக்காரர் “ஒரு பேட்டரிக்கா?” என்று கேட்டதோடு சரி, பதில் போடவில்லை. ஆகவே அந்தக் கடிகாரம் ஒன்றரை வருடமாக மாலை ஐந்து மணியிலேயே நிற்கிறது. ஊழியர்கள் யாரும் இதுவரை புகார் கொடுக்கவில்லை.

அவருடைய கைப்பேசிக்கு இரண்டு வயது. கீறல் இல்லை, சூடாவதில்லை, காலையில் சார்ஜ் போட்டால் மறுநாள் காலைவரை தாங்கும். அதன்மேல் ஒரு குற்றம் சொல்ல முடியாது. கொள்முதல் கண்ணோட்டத்தில் பார்த்தால், ஒரு பொருள் இருக்கக்கூடிய மிக ஆபத்தான நிலை இதுதான். ஒழுங்காக இருக்கிற பொருள் எப்போது கெடும் என்று யாருக்கும் தெரியாது. கெட்டுப்போன பொருளில் அந்தக் கவலை கிடையாது.

ஆகவே பத்தாவது வார ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில் ‘குடும்பக் கொள்முதல் குழு’ கூடியது. தலைவர் அதிகாரி. உறுப்பினர் அவர் மனைவி. முன்னறையில் தையல் மெஷின் போட்டு, பள்ளிச் சீருடையும் பெண்கள் உடையும் தைப்பவள். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் மகள் தொழில்நுட்ப ஆலோசகர். நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதும் அவள்தான். ‘வெளி நிபுணர்’ என்ற முறையில் மனைவியின் தம்பி அழைக்கப்பட்டிருந்தார். வாரண்டி முடிவதற்குள் கைப்பேசியை மாற்றிவிடுகிறவர் என்பது அவருடைய தகுதி.

அதிகாரி நான்கு பக்கத் தேவை அறிக்கையை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்.

“உங்க போன்ல என்னப்பா குறை?” என்றாள் மகள்.

“குறை ஒண்ணும் இல்ல. ஆனா குறை வந்தப்புறம் வாங்கினா அது அவசரக் கொள்முதல். அவசரக் கொள்முதல்ல விலை அதிகம்.”

“குறையே வராம இருந்துட்டா?”

“அந்த அபாயத்தை மூணாம் பக்கத்துல விளக்கியிருக்கேன்.”

வெளி நிபுணர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அத்தான், புதுசுல இருக்கிற கேமரா நூறு மடங்கு பெருசாக் காட்டும். எதிர் மாடித் தண்ணித் தொட்டில ஒட்டின ஸ்டிக்கரை இங்க உட்கார்ந்தே படிக்கலாம்.”

“ஸ்டிக்கர்ல விலை போட்டிருக்குமா?”

“போட்டிருந்தா தெரியும்.”

அதிகாரி பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். அடுத்த வீட்டுக்காரர் எந்தப் பொருளை என்ன விலைக்கு வாங்கினார் என்பதை அவர் வீட்டுக்குப் போகாமலே தெரிந்துகொள்வது அவருடைய இருபது வருடக் கனவு.

“ரெண்டு மாசச் சம்பளம் ஆகுதேப்பா” என்றாள் மகள். “இதுல கால்வாசிக் காசுக்கு அம்மாவுக்கு ஒரு நல்ல போன் வாங்கிடலாம்.”

“அதுக்குத் தனிக் கோப்பு போடணும்.”

மனைவி மடியில் வைத்திருந்த சட்டைக் காலரில் நூல் பிரித்துக்கொண்டிருந்தாள். “என் போனைப் பத்தி இன்னிக்குப் பேசுவீங்களா, மாட்டீங்களா?” என்று கேட்டாள்.

அவள் கைப்பேசியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அந்த வீட்டில் கைப்பேசிகள் மேலிருந்து கீழே இறங்கும். அதிகாரி புதிது வாங்கினால் பழையது மனைவிக்கு வரும். இப்போது அவளிடம் இருப்பது ஆறு வருடத்துக்கு முன் அப்படி இறங்கியது. போன தடவை இறங்கியிருக்க வேண்டியதை மகள் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கிக்கொண்டாள். மனைவியின் கைப்பேசியில் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது. ஸ்பீக்கரில் போட்டால் கரகரவென்று கேட்கும், இரண்டு நிமிடத்தில் கட்டாகிவிடும். வாடிக்கையாளர்கள் அளவு சொன்னால் மாடிப்படி முழுக்க ஒலிபரப்பாகும். “இடுப்பு நாற்பத்தி நாலு” என்று ஒரு அம்மாள் தன் அளவைச் சொல்ல, கீழ்வீட்டில் யாரோ சிரித்திருக்கிறார்கள். அந்த அம்மாள் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனவர்தான், அப்புறம் வரவில்லை. அப்படிப் போனவர்கள் ஏழெட்டுப் பேர். ஒவ்வொருவர் போகும்போதும் அவள் மனசு விட்டுத்தான் போயிற்று.

“வெள்ளிக்கிழமை அந்த ஸ்கூல் ஹெச்.எம். மேடம் கூப்பிடுவாங்க” என்றாள். “நான் தைச்சுக் கொடுத்த மாதிரியை உள்தையல் வரைக்கும் திருப்பிப் பார்த்துட்டு நல்லாயிருக்குன்னு சொல்லிட்டாங்க. முந்நூறு பிள்ளைங்க, ஆளுக்கு ரெண்டு செட். நாலு மணிக்குள்ள நான் சரின்னு சொல்லணும். இது மட்டும் கெடைச்சா ஓரம் பிசிறாம அடிக்க ஒரு ஓவர்லாக் மெஷின் வாங்கிப்பேன். ஒத்தாசைக்கு ஒரு ஆள் வச்சுப்பேன். வாசல்ல ஒரு போர்டு மாட்டிப்பேன்.”

போர்டு என்ற சொல்லை அவள் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாள். அதில் என்ன எழுதுவது, எந்த நிறத்தில் எழுதுவது என்பதெல்லாம் அவள் மனசில் எப்போதோ முடிவாகியிருந்தது.

“அது நிகழ்ச்சி நிரல்ல இல்ல” என்றார் அதிகாரி. பிறகு கருணையோடு சேர்த்துக்கொண்டார்: “ஆனா நீ எதுக்குக் கவலைப்படறே? நான் புதுசு வாங்கினா இது உனக்குத்தானே வரப்போகுது? சரியாச் சொல்லணும்னா இந்தக் கொள்முதலே உனக்காகத்தான்.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடுமா?”

“வியாழக்கிழமையே வந்துடும்.”

மனைவி கையைத் தூக்கினாள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

திங்கள் முதல் அதிகாரி கடைகளில் ஏறி இறங்கினார். முதல் கடையில் விற்பனையாளர் கால்மணி நேரம் கேமராவின் பெருமையைச் சொல்லி முடித்ததும், “விலையை லெட்டர்ஹெட்ல எழுதி சீல் வச்சுக் கொடுங்க” என்றார் இவர். “ஒரு போனுக்கா சார்?” என்ற விற்பனையாளர், உள்ளே போய் மேலாளரை அழைத்து வந்தார். மேலாளர் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வம்பு வேண்டாமென்று சீல் வைத்துக் கொடுத்தார். இரண்டாவது கடையில் சீல் கிடையாது. பக்கத்து மருந்துக்கடையில் கடன் வாங்கி வைத்தார்கள். மூன்றாவது கடையில்தான் அந்தச் சலுகையைச் சொன்னார்கள்: பழைய கைப்பேசியைக் கொடுத்தால் விலையில் எட்டில் ஒரு பங்கு கழிவு.

“கடைசி நாள் இன்னிக்குத்தான் சார்.”

எத்தனையோ சோதனைகளில் நிலைகுலையாத மனிதர்கள் கழிவு என்ற சொல்லைக் கேட்டதும் இளகிவிடுவதுண்டு. அதிகாரிக்கு மனைவியின் ஞாபகம் வந்தது. வந்தது என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் கண்ணெதிரே இருக்கிற கழிவை விட்டுவிட்டு வந்தால், இருபது வருடமாக அலுவலகத்தில் தான் பேசியதெல்லாம் பொய்யாகிவிடுமே என்று தோன்றியது. சிம்மைக் கழற்றிக்கொண்டு கைப்பேசியைக் கொடுத்தார். இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்களே என்று கடைக்காரர் பாராட்டினார்.

வியாழன் மாலை பெட்டியோடு வந்தவரிடம், “பழசு எங்கேங்க?” என்றாள் மனைவி.

“எட்டுல ஒரு பங்கு மிச்சம்.”

“பழைய போன் எங்கேன்னு கேட்டேன்.”

“அதைத்தான் சொல்றேன்.”

அவள் அவரையே பார்த்தாள். கோபம் வந்தது. கோபத்தைவிட, கையைத் தூக்கினோமே என்ற அவமானம் அதிகமாக இருந்தது.

“உன் போன் கிடைக்கலேன்னா எனக்குக் கூப்பிடட்டும்” என்றார் அதிகாரி. “என் நம்பரை அவங்களுக்கு அனுப்பிடு.” வேறு வழியில்லாமல் அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அதிகாரி அரைநாள் விடுப்பு போட்டிருந்தார். புதுக் கருவியோடு பழக வேண்டும் அல்லவா? உள்ளறைக் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு வசதியாகச் சோதித்துக்கொண்டிருந்தார். முன்னறையில் மனைவி மெஷினை ஓட்டாமலே அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றே கால் மணிக்கு அவள் கைப்பேசி அடித்தது. “ஹலோ, மேடம்” என்றாள். கரகரத்துக் கட்டாகிவிட்டது. மறுபடி அடித்தது, மறுபடி கட்டாகியது. மூன்றாவது தடவை அடிக்கும்போதே அணைந்து, திரை கறுத்துப் போயிற்று. அவள் சார்ஜரைச் செருகிக்கொண்டிருந்தபோது, உள்ளறையில் புதுக் கைப்பேசி அடித்தது. அதிகாரி ஸ்பீக்கரைப் போட்டார். தலைமையாசிரியை அந்த அறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது.

“சார், உங்க வீட்டம்மாவுக்கு மூணு தடவை போட்டுட்டேன், லைன் நிக்க மாட்டேங்குது. அவங்களுக்கே கொடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டோம். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே துணியை வண்டில ஏத்திடறேன்.”

முன்னறையில் மனைவி எழுந்துவிட்டாள். முகம் மலர்ந்துவிட்டது. மடியிலிருந்த நூல் துண்டுகள் தரையில் உதிர்ந்தன.

சாதாரணக் கணவன் ஒருவன் இந்த இடத்தில் “சரி” என்று சொல்லியிருப்பான். சாதாரண ஆட்களால்தான் நாடு இப்படிக் கிடக்கிறது.

“மேடம், எத்தனை பேர்கிட்ட விலை கேட்டீங்க?” என்றார் அதிகாரி.

“இவங்ககிட்ட மட்டும்தான் சார். தையல் அவ்வளவு நேர்த்தியா இருந்துச்சு.”

“அது முறை இல்லையே மேடம். நான் அவங்க வீட்டுக்காரர். நானே சரின்னு சொல்லிட்டா நாளைக்கு நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. குறைஞ்சது மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்குங்க.”

“இன்னிக்கே முடிக்கணுமே சார். திடீர்னு இன்னும் ரெண்டு பேருக்கு நான் எங்கே போவேன்?”

“எங்க கம்பெனிக்கு யூனிஃபார்ம் தைக்கிறவங்க ரெண்டு பேர் இருக்காங்க. நம்பர் அனுப்பறேன்.”

அனுப்பினார். புதுக் கைப்பேசியின் வேகத்தைச் சொல்ல வேண்டும்: மனைவி முன்னறையிலிருந்து உள்ளறை வாசலுக்கு வருவதற்குள் இரண்டு எண்களும் போய்ச் சேர்ந்து, நன்றி என்று பதிலும் வந்துவிட்டது.

“போனைக் குடுங்க. நான் பேசறேன்.”

“இப்ப முடியாது. அப்டேட் பண்ணலாமான்னு கேட்டுச்சு, சரின்னு கொடுத்துட்டேன். நாற்பது நிமிஷம் ஆகுமாம்.”

ஒரே ஒரு ‘சரி’ அன்றைக்கு அவரிடம் இருந்தது. அதை அவர் அங்கே கொடுத்துவிட்டார்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. ஆர்டரை முதல் நம்பர்காரருக்கு, ஒரு செட்டுக்கு ஒரு காசு குறைவான விலையில் கொடுத்தாகிவிட்டது. “உங்க வீட்டுக்காரரை மாதிரி நேர்மையான ஆளை நான் பார்த்ததே இல்லம்மா” என்றார் தலைமையாசிரியை. அவள் திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதாள்.

பொருள் வாங்கி மூன்றாம் நாள் ‘பயன் அறிக்கை’ எழுத வேண்டும் என்பது விதி. ஞாயிறு காலை அதே மேஜையில் குழு கூடியது. படிவத்தில் ஐந்து கட்டங்கள்: கேமரா, பேட்டரி, வேகம், எடை, ஒலித் தெளிவு. மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடுவில் இருந்த மூன்றையும் நிரப்பினாள். கேமராவை வெளி நிபுணர் ஏற்றுக்கொண்டு, ஜன்னலோரம் நின்று எதிர் மாடித் தொட்டியைக் குறிபார்த்தார். ஸ்டிக்கரில் விலை இல்லை. ‘வெயிலில் வைக்காதீர்’ என்று மட்டும் போட்டிருந்தது.

“ஒலித் தெளிவை நீ எழுது” என்றார் அதிகாரி மனைவியிடம். “அடுத்த ரூம்லேருந்து கேட்டவ நீதான். அதுதான் சரியான சோதனை.”

அவள் பேனாவை வாங்கி எழுதினாள். கட்டத்துக்குள் இடம் போதாமல் தாளின் ஓரத்திலும் எழுதினாள். அறிக்கையைக் குழு முன்னால் வாய்விட்டுப் படிப்பது வழக்கம் என்பதால் அதிகாரி எடுத்துப் படித்தார்.

“ஒலித் தெளிவு: மிக நன்று.” திருப்தியோடு தலையாட்டிவிட்டுத் தொடர்ந்தார். “நீங்கள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு என் பிழைப்பை எடுத்து அடுத்தவர் கையில் கொடுத்தது, தையல் மெஷின் வரைக்கும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. ஆறு வருடமாக எனக்கு எந்தப் போனிலும் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.”

கடைசி வாக்கியத்தில் அவர் குரல் இறங்கிவிட்டது. தாளை மேஜையில் வைத்தார். புதுக் கைப்பேசியை எடுத்தார், மறுபடி வைத்தார்.

“நான் செஞ்சது தப்பா?” என்று கேட்டார்.

மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். “தப்பு. ஆனா என் ஒருத்தி சொல்றதை வச்சு முடிவு பண்ணாதீங்க” என்றாள். “இன்னும் ரெண்டு பேர்கிட்ட கேளுங்க.”

அதிகாரி மகளைப் பார்த்தார்.

“தப்புப்பா” என்றாள் மகள்.

வெளி நிபுணர் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தப்புதான் அத்தான்” என்றார்.

மூன்று கொட்டேஷனும் வந்துவிட்டன. மூன்றிலும் ஒரே விலைதான் போட்டிருந்தது.