மாமாவின் வண்டிக்கு அம்மா வெட்டிய கழுத்து

மரியாதைக்குரிய மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் எழுதிக்கொள்வது.

இங்கே மனிதர்கள் நான்கு பேரும் நலம். அம்மாவுக்குத் தையல் வேலைக்குக் குறைவில்லை. அப்பாவின் தொண்டை சரியாகிவிட்டது. மாமி, உங்கள் கப்பல் இப்போது எந்தக் கடலில் இருக்கிறது என்று தினமும் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விடுகிறார். கப்பல் சமையலறையில் உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். மனிதர் அல்லாத ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அடுத்த மாதம் ஊர் திரும்பியதும் நீங்கள் நேராகக் கொட்டகைக்குத்தான் போவீர்கள், அதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும். தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும். கையில் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி இருந்தால் இறக்கி வைத்துவிடவும்.

கப்பலுக்குப் போகும்போது உங்கள் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை, மேல்கூரை இல்லாத அந்த நாற்பது வயது இரண்டு சீட்டு வண்டியை, எங்கள் பட்டறைக் கொட்டகையில் நிறுத்திவிட்டுச் சாவியை அப்பாவிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தீர்கள். "உங்கப்பா கைக்குப் போனா எதையாவது கழட்டிப் பாப்பாரு. நீதான் பேசாம இருக்கற புள்ள. ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணு, போதும். ஒரு ஸ்க்ரூ காணாமப் போகக் கூடாது" என்றீர்கள். மாமா, ஒரு ஸ்க்ரூகூடக் காணாமல் போகவில்லை. எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, பதினேழு டப்பாக்களில்.

நடந்தது இதுதான். பத்தொன்பதாவது ஞாயிறு, ஒன்பதாவது நிமிடம், எஞ்சினுக்குள் 'டங்'கென்று ஒரு சத்தம். உள்ளே ஒரு தண்டு முறிந்து, எஞ்சினின் பக்கச்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "இது போயிடுச்சு. மச்சானுக்கு யாரு சொல்றது?" என்றார். அம்மா, "எனக்குத் தம்பிதான், இல்லேங்கல. ஆனா நீங்கதானே மெக்கானிக்கு" என்றார். வாசலில் நின்ற மாமி மட்டும், "போச்சா? அப்பாடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கொட்டும் மழையில் மாமியை நனையவிட்டு நீங்கள் வண்டிக்குக் குடை பிடித்ததை மாமி இன்னும் மறக்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும். அதன் பிறகு கொட்டகைப் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அதே எஞ்சின் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. பழைய இரும்புக் கடைக்காரர், விபத்தில் மாட்டிய ஒரு வேனின் எஞ்சின் இருக்கிறது, டர்போவோடு இருக்கிறது, அதைப் பொருத்தினால் வண்டி பறக்கும் என்றார். டர்போ என்பது நத்தை ஓடு மாதிரி ஓர் இரும்பு, மாமா. வெளியே போகிற புகையை வைத்தே ஒரு விசிறியைச் சுற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும். "பழைய வண்டிக்குள்ள முரட்டு எஞ்சின். இதுக்குப் பேரு ஹாட் ராட்" என்று கடைக்காரர் ஏற்றிவிட்டார். அப்பா இரும்பு டேப்போடு கடைக்குப் போய் எஞ்சினை அளந்தார். நான் வீட்டில் இருந்தபடி, அம்மாவின் தையல் டேப்பை எடுத்து, பானெட்டுக்குக் கீழே இருக்கும் இடத்தை அளந்தேன். இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் எஞ்சின் உள்ளே உட்கார்ந்து ஓர் அங்குலம் மிச்சம் வந்தது. எஞ்சினை வாங்கி வந்தோம், இறக்கினோம், மூன்று வாரம் முதுகு ஒடியப் பொருத்தினோம். பானெட்டை மூடினால் மூடவில்லை. டர்போ ஓர் அங்குலம் வெளியே நிற்கிறது. அப்பா என்னைப் பார்த்தார், நான் டேப்பைப் பார்த்தேன், அம்மா வந்து டேப்பைப் பிடுங்கினார். "அதுல முதல் ரெண்டு இஞ்ச் இஸ்திரிப் பெட்டி பட்டுக் கருகி உதிர்ந்து போச்சுடி. நான் மனசுல ரெண்டைக் கழிச்சுக்குவேன்." இத்தனை வருடமாக அம்மா மனதுக்குள் கழித்துக் கழித்துத் தைத்திருக்கிறார், எங்கள் யாருக்கும் தெரியாது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்றார். கேட்கிற பழக்கம்தான் எனக்குக் கிடையாதே.

அடுத்து எழுதுவதற்குக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். பானெட்டை வெட்டினோம். அப்பாவால் முடியவில்லை. "மச்சான் மூஞ்சி அதுல தெரியுதும்மா" என்று கட்டரைக் கீழே வைத்துவிட்டார். அம்மாதான் சாக்பீஸை எடுத்து வந்தார். "இதுல என்ன இருக்கு? கழுத்து வெட்டற மாதிரிதானே" என்று, சட்டைக் கழுத்துக்கு வைத்திருந்த அட்டையைப் பானெட்டின் மேல் வைத்து வரைந்தார். நான் வெட்டினேன். பிசிறு தெரியாமல் ஓரத்தை உள்பக்கம் மடித்துத் தட்டினேன். மாமா, தற்பெருமை என்று நினைக்க வேண்டாம், அந்த வளைவைப் பார்க்கத் தெருவில் சைக்கிளை நிறுத்துகிறார்கள். நடுவில் டர்போ எட்டிப் பார்க்கிறது, முதலிலிருந்தே அப்படித்தான் திட்டமிட்டோம் என்று அப்பா மாமியைத் தவிர எல்லோரிடமும் சொல்கிறார். முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது டர்போ என் துடைக்கும் துணியை இழுத்துத் தின்றுவிட்டு இருமியது. அதற்கும் வலை போட்டாயிற்று.

பிறகு வண்டியைச் சோதனை அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவர்கள் முத்திரை குத்தாவிட்டால் வண்டி தெருவில் ஓட முடியாது. அன்றைக்கென்று பார்த்து அப்பாவுக்குச் சளி பிடித்துக் குரல் சுத்தமாக இல்லை. அதிகாரி வண்டியை மூன்று சுற்று சுற்றிவிட்டு, "இந்த டர்போவைப் பொருத்தினது யாரு?" என்றார். அப்பா விரலை என் பக்கம் நீட்டினார். "இந்தப் பாப்பாவா? ஏம்மா, நீயா பண்ணினே?" உங்களுக்கு என்னைத் தெரியும் மாமா. வருகைப் பதிவு எடுக்கும்போது ஆசிரியருக்குக் கேட்கும்படி பதில் சொல்லாததால், வகுப்பில் உட்கார்ந்தபடியே முப்பத்தொரு நாள் வராதவள் ஆனவள் நான். பள்ளிக்கூடத்தை விட்டதே அதனால்தான். அன்று என்ன ஆனதோ, வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி என் வாயிலிருந்து வந்தது: "உள்ளேன் ஐயா!"

அதற்குப் பிறகு நிற்கவில்லை. காற்றழுத்தம், எண்ணெய்க் குழாய், மாற்றிப் போட்ட பிரேக், தையல் டேப் வரைக்கும் சொன்னேன். அதிகாரி, "போதும்மா, எனக்குச் சாப்பாட்டு நேரம்" என்று முத்திரை குத்தினார். போகும்போது அப்பாவிடம், "உங்க பொண்ணு வாயும் இந்த பானெட்டும் ஒண்ணு. மூடவே மாட்டேங்குது" என்றார். அப்பா வழி நெடுகச் சிரித்தார், சத்தமே இல்லாமல்.

மாமா, வண்டி உங்களுடையது. எனக்கு இது வேண்டும் என்று கேட்க உரிமை இல்லை. நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால், அந்தப் பதினேழு டப்பாக்களையும், கட்டிலுக்கு அடியில் துணி சுற்றி வைத்திருக்கும் வெட்டிய துண்டையும் எடுத்து, இரண்டே மாதத்தில், ஓடாவிட்டாலும், பார்வைக்குப் பழையபடி ஆக்கிவிடுவேன். அழுதுகொண்டே செய்வேன், ஆனால் சரியாகச் செய்வேன். மாமிக்கு மட்டும் எதுவும் தெரிய வேண்டாம். வண்டி செத்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கிறார்.

பெரியவர்கள் உங்களுக்கு ஆசி சொல்லச் சொன்னார்கள். நான் சிறியவள், என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் பேசாத மருமகள்

பின்குறிப்பு: மேலே 'வண்டி உங்களுடையது' என்று தொடங்கும் பத்தியை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளவும். நான் உறை தேடப் போன நேரத்தில் மாமி கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டார். "சாவியைக் குடுடி" என்றார். கொடுத்தேன். மூன்று மணி நேரம் கழித்து, தலைமுடி எல்லாம் வானத்தைப் பார்க்க, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார். போகிற வழியில் பதினேழு டப்பாக்களையும் வெட்டிய துண்டையும் பழைய இரும்புக் கடையில் இறக்கிவிட்டாராம். இனி வண்டிக்கு மெக்கானிக் நான்தானாம், வேறு யாரும் தொடக்கூடாதாம், நீங்களும்தான். இதையும் எழுதச் சொன்னார், அப்படியே எழுதுகிறேன்: "துறைமுகத்துக்கு நானே வண்டி எடுத்துட்டு வர்றேன். பக்கத்து சீட்டு அவருக்கு. மழை வந்தா குடை புடிக்கச் சொல்லு. வண்டிக்கு இல்ல, எனக்கு."