பொம்மைக்குத் தெரியாதது

குழந்தை சரியான பதிலைச் சொல்லிவிட்டது. விரிவுரையாளர் அவசரமாகக் கடைசி பெஞ்சைப் பார்த்தார்.

அங்கே துறைத் தலைவர் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தார். விரிவுரையாளருடையது தற்காலிக வேலை. அடுத்த வருஷமும் நீடிக்குமா என்பது இந்த ஒரு வகுப்பில் இருந்தது. ‘மூன்றரை வயதுக் குழந்தை, தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்றே நம்பும்’ என்று போர்டில் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, அதை நிரூபிக்க நூலகரின் மகளை இரவல் வாங்கி வந்திருந்தார்.

பொம்மை சிவப்புப் பெட்டியில் பந்தை வைத்துவிட்டுப் போகிறது. அது இல்லாதபோது பந்து நீலப் பெட்டிக்கு மாறுகிறது. திரும்பி வரும் பொம்மை எங்கே தேடும்? கோட்பாட்டின்படி குழந்தை நீலத்தைக் காட்ட வேண்டும். சிவப்பைக் காட்டியது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுடா கண்ணு. பந்து இப்ப எங்க இருக்கு?"

"நீலத்துல."

"அப்ப பொம்மை எங்க தேடும்?"

"சிவப்புல. அது பாக்கலியே மாமா, பாவம்."

"பாப்பா இன்னும் நம்ம புத்தகத்தப் படிக்கல போலிருக்கு சார்" என்றான் முன்வரிசை மாணவன். வகுப்பு சிரித்தது. துறைத் தலைவர் சிரிக்காமல் ஏதோ எழுதினார்.

மறுபடி செய்து காட்டும் பதற்றத்தில் பொம்மையின் தலை கையோடு வந்துவிட்டது. குழந்தை வீறிட்டது. சமாதானத்துக்குக் கொடுத்த ஈரத்துணியால், கை எட்டிய மட்டும் போர்டைத் துடைத்தது. பாதிக் கோட்பாடு போயிற்று.

"பரவாயில்ல, இனிமே நான்தான் பொம்மை! நான் போனதும் பேனாவ நீலத்துக்கு மாத்துங்க" என்று தன் பேனாவைச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறினார்.

வராந்தாவில் உடைந்த நாற்காலிகள் குவிந்திருந்தன. மழைச்சாரல் சட்டையை நனைத்தது. ‘இன்னிக்காவது நல்ல சேதியோட வாங்க’ என்று காலையில் மனைவி சொன்னது நினைவுக்கு வந்தது. நிதானமாக நூறு வரை எண்ணினார்.

உள்ளே வந்தபோது கடைசி பெஞ்ச் காலி, பின்கதவு திறந்திருந்தது. துறைத் தலைவர் திருப்தியாகி எழுந்து போய்விட்டார் போல. வகுப்பில் ஒரு சிரிப்பில்லை, சத்தமில்லை. இப்படியொரு கவனத்தை ஐந்து வருஷத்தில் அவர் பார்த்ததில்லை.

உற்சாகமாகக் குழந்தையின் முன் மண்டியிட்டார். "நான் வெளிய நின்னப்ப இங்க நடந்ததெல்லாம் எனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"சார், விட்டுடுங்க சார்" என்றான் முன்வரிசை மாணவன், குனிந்த தலை நிமிராமல்.

"நீ சும்மா இருப்பா. சொல்லுடா கண்ணு."

"தெரியாது மாமா" என்றது குழந்தை. "திங்கக்கிழமைலேருந்து வேற சார் வருவாரு, இவர்கிட்ட யாரும் சொல்லாதீங்கன்னு அந்தத் தாத்தா சொன்னப்ப நீங்க இங்க இல்லியே, பாவம்."