சஹனில் போட்ட கோடு

குழந்தைக்கு நல்ல பழக்கம் சொல்லித்தருவதில் ஒரு வம்பு இருக்கிறது. அது சரியாகக் கற்றுக்கொண்டுவிட்டால், நாமும் அப்படியே நடந்தாக வேண்டும்.

லாத்தா, அதாவது என் அக்கா, அவள் மகள் ஆமினாவுக்கு ஆட்டிசம். எங்கள் காயல்பட்டினத்தில் கல்யாண விருந்து என்றால் சஹன்தான். ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவோம். ஒருமுறை ஆமினா எல்லார் பக்கமும் கைவிட்டு அள்ள, வளர்த்த லட்சணத்தைப் பார் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அன்றோடு லாத்தா விருந்துக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

நான் பழக்குகிறேன் என்று கிளம்பினேன். (பி.எட். முடித்த திமிர்.) தனக்கு முன்னால் இருப்பதை மட்டுமே உண்ண வேண்டும் என்பது நபிகள் நாயகம் கற்றுத்தந்த ஒழுக்கம். ஆனால் முன்னால் என்றால் எதுவரை? ஆமினாவுக்கு அது தெரிய வேண்டும். ஆகவே படம் வரைந்து சுவரில் ஒட்டினேன். தட்டில் வெள்ளரித் துண்டுகளை அடுக்கிக் கோடு போட்டேன். இறைவன் பெயரால் பிஸ்மி சொல், வலது கையால் எடு, கோட்டைத் தாண்டாதே. தினமும் அதே தட்டு, அதே பாடம். பிள்ளை கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்து வந்தது மாமா மகள் கல்யாணம். லாத்தாவைக் கெஞ்சிக் கூட்டிப்போனேன். எங்கள் சஹனில் சம்பந்தியம்மா, அதாவது மாப்பிள்ளையின் உம்மாவே வந்து உட்கார, லாத்தாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆமினா அலட்டிக்கொள்ளவில்லை. கத்தரிக்காய்த் துண்டுகளால் நெய்ச்சோற்றில் கோடு போட்டாள், பிஸ்மி சொன்னாள், சாப்பிட்டாள். நான் பெருமையோடு சுற்றிலும் பார்த்தேன்.

அப்போதுதான் சம்பந்தியம்மா பக்கமிருந்த நல்லி எலும்பு கண்ணில் பட்டது. கை தானாகப் போயிற்று. (கை பி.எட். படிக்கவில்லை.)

ஆமினா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சாச்சி, அது உங்க பக்கம் இல்ல. வைங்க."

சிரித்து மழுப்பினேன். அவள் விடவில்லை. வெடுக்கென்று கையை இழுத்தேன். சஹன் சாய்ந்து, கறிக்குழம்பு முழுக்கச் சம்பந்தியம்மாவின் பட்டுச்சேலையில் இறங்கியது. லாத்தா மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"புள்ளைய எங்கன தூக்கிட்டுப் போறே? உக்காரு," என்றார் சம்பந்தியம்மா, சேலையை உதறியபடி. "இந்தச் சஹன்ல ஒழுங்கா தின்னது அது ஒண்ணுதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏளா, ஒனக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தரலியா?"

அவளுக்குச் சொல்லித்தந்ததே நான்தான். எலும்பை அவர் பக்கமே திருப்பி வைத்தேன்.

இப்போதெல்லாம் கல்யாணத்துக்கு அழைக்க வருகிறவர்கள் முதலில் ஆமினாவைத்தான் விசாரிக்கிறார்கள். லாத்தா ஒரு விருந்தையும் விடுவதில்லை, எனக்கு அதில் அத்தனை சந்தோஷம். எனக்கு மட்டும், சர்க்கரை நோயாளிக்கு வைப்பதுபோல், தனித்தட்டு வருகிறது. அதிலும் நடுவில் ஒரு கோடு போட்ட பிறகுதான் ஆமினா என்னிடம் தருவாள்.