வேர்க்காவலர் விருது

ஒரு காட்டில் மயிலாத்தா என்ற முயல் ஒரு ஏக்கரில் நிலக்கடலை போட்டிருந்தது. முயலுக்கு எதற்கு விவசாயம் என்று கேட்காதீர்கள். ஏழு குட்டி பெற்றுப் பாருங்கள், தெரியும். மழைக்காலம் முழுக்க அந்தக் கடலைதான் அவற்றுக்குச் சோறு.

காய் முற்றுகிற நேரத்தில் செடிகள் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. பிடுங்கிப் பார்த்தால் தண்டின் அடியில் வெள்ளை நூல், அதில் கடுகு கடுகாய் உருண்டைகள். மயிலாத்தா பயிர்க்காப்பு அலுவலகத்துக்கு ஓடி, ஆமைகளுக்குப் பின்னால் மூன்று நாள் வரிசையில் நின்றது.

"ஏனுங்க சார், மண்ணுக்குள்ள பூஞ்சைங்க. கடலையெல்லாம் போகுதுங்க."

"மூணு காப்பி எழுதிக் குடும்மா" என்றது அதிகாரி நரி.

அந்த மண்ணில் இரண்டு பூஞ்சைகள் இருந்தன. ஒன்று தண்டை அழுகவைக்கும். மற்றது வேரோரம் காவலிருந்து அந்தக் கெட்டதைப் பிடித்துத் தின்னும். ஓயாத உழைப்பாளி, பாவம்.

மருந்து ஊற்றும் நாளை நரி ஒலிபெருக்கியில் அறிவித்தது. கெட்டது வெளியே கிடந்த நூலைக் கைகழுவிவிட்டு, கடுகு உருண்டைக்குள் சுருண்டு தூங்கியது.

நல்லது, "எனக்கென்ன பயம்? நான் டியூட்டியில இருக்கேன்" என்றது.

பூஞ்சைக்கொல்லி வேருக்கு இறங்கியது. அதற்கு நல்லது கெட்டது தெரியாது. வளர்கிற பூஞ்சையை வளரவிடாமல் அடிப்பது மட்டுமே அதன் வேலை. உருண்டையின் தடித்த தோலைத் தட்டிப் பார்த்தது. பதில் இல்லை, போய்விட்டது. காவல் காத்தது செத்தது.

நரி பூதக்கண்ணாடியோடு வந்தது. "செத்தது கெட்டது, பிழைத்தது நல்லது" என்று எழுதி முத்திரை குத்தியது.

பத்தாம் நாள் மழை பெய்தது. கெட்டது கொட்டாவி விட்டு எழுந்தது. தடுக்க ஆளில்லை. முக்கால் ஏக்கர் படுத்துவிட்டது.

"சார், அது சாகலீங்க! எங்குட்டிங்க வாயில மண்ணுங்க. மறுபடி மருந்து குடுங்க."

நரி கோப்பைப் புரட்டியது. "அது நல்ல பூஞ்சைன்னு ரிக்கார்டுல இருக்கு. அதுக்கு மருந்து ஊத்துனா உன்மேல கேஸ் வரும். பேசாம போம்மா."

அந்த வாரமே கெட்ட பூஞ்சைக்கு வேர்க்காவலர் விருது கொடுத்தார்கள். விழாவுக்கு வந்தவர்களுக்கு அவித்துக் கொடுக்க, மயிலாத்தாவிடம் மிஞ்சியிருந்த கடலையை நரி வாங்கிப்போனது. ஏழு குட்டிகளும் பசியோடு கடைசி வரிசையில் நின்று கைதட்டின.

நீதி: மருந்து ஊற்றும் நாளில் வேலை செய்யாதே. தூங்கு, விருது வீடு தேடி வரும்.