கடை தாண்டிப் போன வண்டி

தினமும் பின்சீட்டில் வரும் மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போன மறுநாள், கண்ணாடிக்கடைக்காரரின் பழைய பைக் அவர் கடை வாசலில் நிற்காமல் பக்கத்து இரும்புக்கடையில் போய் நின்றது.

"என்னண்ணே, ஆணி வேணுமா?"

"சும்மா, உன்னைப் பாக்கத்தான்."

வேறென்ன சொல்வார்? "இதை வித்துத் தொலைங்க" என்று மனைவி சொல்லும்போதெல்லாம், "வாங்கின நாளா பிரேக் கட்டைகூட மாத்தலை. நில்லுன்னா நிக்கும்" என்று மார்தட்டியவர். அவள் திரும்புவதற்குள் வண்டி நிற்காவிட்டால், வீட்டிலும் நிற்காது.

மாலையில் பிரேக் கம்பியின் நட்டை முறுக்கினார். பிரேக் சக்கரத்தை இறுக்கிப் பிடித்ததில், கட்டை உரசும் டிரம் அடுப்பாய்ச் சுட்டது. தளர்த்தினார். மறுநாள் மருந்துக்கடையில் போய் நின்றார்.

"தலைவலி மாத்திரையா சார்?"

"இன்னும் வரலை. வந்தா சொல்றேன்."

சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே கட்டைகள் அவர் விற்கும் கண்ணாடியைவிட வழுவழுப்பாக இருந்தன. உப்புத்தாளால் தேய்த்தார். கையிலிருந்த கிரீஸும் கட்டையில் சேர்ந்துகொண்டது. இந்த முறை பள்ளிக்கூட வாசல்.

"அட்மிஷன் முடிஞ்சிருச்சு சார்" என்றார் காவலாளி.

புதுக் கட்டை வாங்கிப் போட்டார். டிரம்மும் உள்ளே பள்ளமாய்த் தேய்ந்திருந்ததால், கட்டை பட்டும் படாமலும் உரசியது.

மனைவி போனில் கேட்டாள். "வண்டி எப்படி இருக்கு?"

"நிக்கவே மாட்டேங்குது. நீ பின்னாடி உக்காந்தா மட்டும் ஒழுங்கா நிக்குது."

"நான் வேணா நாளைக்கே வந்துடவா?"

இத்தனை பாசமா என்று அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "வேணாம், இருந்துட்டு வா. பின்னாடி கனம் பத்தலை, அவ்வளவுதான்."

காலையில் பின்சீட்டில் மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். கனம் சேர்ந்த வண்டி இரும்புக்கடை, மருந்துக்கடை, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் தாண்டி, தெருக்கோடியில் செருப்புத் தைப்பவரின் குடைக்காலில் முட்டி நின்றது. மணல் மூட்டை மட்டும் நிற்காமல் அவர் முதுகின்மேல் வந்து சாய்ந்தது.

செருப்புத் தைப்பவர் குடையை நிமிர்த்திவிட்டு, ஒரு ஜோடிப் பெண்கள் செருப்பை எடுத்து நீட்டினார். கூடவே, கழற்றிய பழைய அடிகளையும் காட்டினார். குதிகால் பக்கம் காகிதமாய்த் தேய்ந்திருந்தது.

"உங்க வீட்டு அக்கா ஊருக்குப் போறப்ப குடுத்துட்டுப் போச்சு. இந்தத் தடவை டயர் ரப்பர்ல அடி போட்டிருக்கேன்னு சொல்லுங்கண்ணே. இனிமே நீங்க எவ்வளவு வேகமாப் போனாலும், தரையில காலைத் தேச்சு வண்டியை நிறுத்துறப்ப அக்காவுக்குக் கால் எரியாது."