பால் நிலையத்துச் சுவரும் வெண்டிக்காய்ப் பூவும்

இனிமேல் தன் பெயர் தனக்கே வேண்டும் என்று தில்லைநாதன் முடிவெடுத்தது கால்நடை வைத்தியரின் வாசலில் நின்றபோதுதான்.

வரிசையில் முன்னால் நின்ற மனிதர் திரும்பிப் பார்த்து, "ஐயா ஆர்? எந்த இடம்?" என்று மரியாதையாகக் கேட்டார். தில்லைநாதன் தொண்டையைச் செருமினார். அதற்குள் பக்கத்தில் நின்றவர் முந்திக்கொண்டார்.

"இவரைத் தெரியாதே? ரைல்ஸ் இலட்சுமி அக்கான்ர மனுசன்."

"ஓ... அவாவின்ர அவரோ!"

செருமிய தொண்டை செருமியபடியே நின்றது.

ஒரு காலத்தில் தர்மபுரத்தில் அவருக்கு அறிமுகமே தேவைப்பட்டதில்லை. அவருடைய மாடுகள் அந்த வேலையைச் செய்தன. ஒவ்வொன்றின் விலாவிலும் 'தி' என்று சுட்ட குறி இருந்தது. வயல் விதைத்ததும் ஊர் மாடுகளை எல்லாம் காட்டுப் பக்கம் சாய்த்துவிடுவார்கள். அறுவடை முடிந்து அவை திரும்பும்போது நாலைந்து பட்டிகள் ஒன்றாகக் கலந்திருக்கும். யாருடைய மாடு எது என்று சண்டை வந்தால் ஏரம்பு அண்ணையைக் கூப்பிடுவார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாட்டைச் சுற்றி வந்து, குறியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். குறி யாருடையதோ மாடு அவருடையது. கன்றில் குறி இல்லாவிட்டால் அது தாயோடு போகும். வழி தவறிய மாட்டைக் கண்டவர் குறியைப் பார்த்து வீட்டில் கொண்டுவந்து கட்டிவிடுவார். இதற்கு மேல் அந்த ஊரில் சட்டமும் இல்லை, மறுபேச்சும் இல்லை.

இந்தப் புகழை அழித்தது குளியலறை கட்டி மிஞ்சிய சுவரில் பதிக்கும் ஒரு பெட்டி வெள்ளை ரைல்ஸ்.

"சும்மா கிடக்குது, நான் எடுக்கட்டோ?" என்று இலட்சுமி கேட்டபோது, "எடுமன்" என்று சொன்னவர் அவர்தான். அன்று அவர் வாயைக் கட்டியிருக்கலாம்.

இலட்சுமி ரைல்ஸின் வழவழப்பைச் சொரசொரப்புத் தாளால் தேய்த்துப் போக்கினாள். மேலே ஒரு பூச்சு பூசினாள். பழைய சேலைக் கரையை வெட்டி ஒட்டினாள். உடைந்த காப்புத் துண்டு, முட்டைக் கோது, ஆற்று மணல் எல்லாம் அதில் ஏறின. வாழைத் தண்டைக் குறுக்கே வெட்டிப் பெயின்றில் தோய்த்துக் குத்தினாள். மீன் செதில் போல ஒரு கோலம் விழுந்தது. பிறகு மண்சட்டி, தண்ணீர்ப் பானை, பூச்சாடி என்று வீட்டில் அசையாமல் இருந்த எல்லாவற்றுக்கும் கோலம் விழுந்தது. தில்லைநாதன் கதிரையில் அதிக நேரம் அசையாமல் இருப்பதை அந்த நாளிலிருந்து விட்டுவிட்டார்.

அவள் எதிலும் தன் பெயரை எழுதுவதில்லை. எல்லாம் முடிந்தபின் வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டி, நீலப் பெயின்றில் தொட்டு, மூலையில் ஒரு தரம் குத்துவாள். ஐந்து இதழில் ஒரு பூ விழும். அதன்மேல் வார்னிஷ். பளையிலிருந்து வவுனியா வரை அந்தப் பூவைக் கண்டால், "இது இலட்சுமியின்ர" என்று சொல்லிவிடுவார்கள். மிஞ்சிய வெண்டிக்காயைக் குழம்பாகச் சாப்பிட்டு முடிப்பது தில்லைநாதனின் பங்களிப்பு.

இப்போது பால் சேகரிப்பு நிலையத்தின் முன்சுவர் முழுவதையும் அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். பசு, கன்று, குளம், நாரை என்று வீட்டு விறாந்தையில் ரைல்ஸ் வரிசையாகக் காய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை திறப்பு. செய்தவருக்குப் பொன்னாடை.

பொன்னாடை! பால் நிலையம்! ஊரில் மாடு வைத்திருக்கும் அத்தனை பேரும் வருவார்கள். அங்கே மட்டும் தன் பெயர் ஒருமுறை விழுந்துவிட்டால்? தில்லைநாதன் யோசித்தார். சுவரில் பெயர் எழுதினால் சண்டை வரும். குறி வைத்தால்? குறியோடு யார் சண்டை பிடிப்பது?

வெள்ளிக்கிழமை இலட்சுமி கோயிலுக்குப் போனாள். தில்லைநாதன் தன் இடது செருப்பின் குதியில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, அதில் 'தி' செதுக்கினார். குத்தினால் நேராக விழவேண்டும் என்பதற்காக எழுத்தைத் திருப்பிச் செதுக்கினார். மாட்டுக்குக் குறி சுடும் கம்பியும் அப்படித்தான் திருப்பி வளைத்திருக்கும். அது அவருக்குத் தெரியாததா? விறாந்தையில் ரைல்ஸின் மூலைகள் பூவுக்காக வெறுமையாகக் காத்திருந்தன. நீலப் பெயின்றில் தொட்டார். குத்தினார். தி. தி. தி. கடைசி ரைல்ஸ் வரை தி.

இலட்சுமி திருநீற்றோடு திரும்பி வந்தாள். விறாந்தையை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தாள்.

"என்னப்பா, இடது செருப்பில ஓட்டை?"

"எலி கடிச்சுப்போட்டுது."

"சதுரமாயோ?"

"உம்மட வீட்டு எலி எல்லோ. வெட்டி ஒட்டப் பழகியிருக்கும்."

"அப்ப விரலில என்ன நீலம்?"

"அது... மாட்டுப் புண்ணுக்கு மருந்து பூசினனான்."

"பாவம் மாடு," என்றாள் இலட்சுமி. "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?"

தில்லைநாதனுக்கு மூச்சு வந்தது. வார்னிஷ் பூசும்வரை அந்தக் குறிகளுக்கு ஆயுள் கெட்டியில்லை. ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். அதனால் அடுத்த நாள் முழுவதும் அவர் கதிரையை விறாந்தைக்கு நகர்த்தி, ஒரு கண்ணால் காவல் இருந்தார். இலட்சுமி துணியை எடுக்கவில்லை. வெண்டிக்காயையும் எடுக்கவில்லை. வார்னிஷ் பேணியைத் திறந்து, ஒவ்வொரு 'தி'யின் மேலும் தடிப்பாகப் பூசினாள்.

'கண் மங்கிப்போச்சு, பாவம்,' என்று தில்லைநாதன் உள்ளுக்குள் இரக்கப்பட்டார்.

இரவோடு இரவாக மேசன்மார் ரைல்ஸைக் கொண்டுபோய்ப் பால் நிலையச் சுவரில் பதித்தார்கள். ஞாயிறு காலை இலட்சுமி அவருடைய வெள்ளைச் சேட்டை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கி, தானே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். கலியாணத்தன்றுகூட அப்படி ஒரு உபசாரம் கிடைத்ததில்லை. அவர் கைகளை நுழைத்தார்.

"முதுகுப் பக்கம் விறைப்பாக் கிடக்குது."

"கஞ்சி கொஞ்சம் கூடிப்போச்சு. நிமிர்ந்து நில்லுங்கோ, மாப்பிள்ளை மாதிரிக் கிடக்குது."

வழக்கமாகத் தன் ஸ்கூட்டியில் போகிற இலட்சுமி, அன்று அவருடைய சைக்கிளில் பின்னால் ஏறி, அவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பால் நிலையத்தில் முன் வரிசைக் கதிரையில் அவரை இருத்தி, "நல்லாச் சாய்ஞ்சு இருங்கோ," என்றும் சொன்னாள். தில்லைநாதனுக்கு ஒரு கணம் மனச்சாட்சி குத்தியது. ஒரு கணம்தான்.

நிலையத்தில் பால் அளக்கிற தர்மிளா ஒலிவாங்கியைப் பிடித்தாள். "இந்தச் சுவரை இவ்வளவு வடிவாச் செய்து தந்த எங்கட இலட்சுமி அன்ரிக்கு..."

"பிள்ளை, ஒரு நிமிசம்!" தில்லைநாதன் எழுந்தார். "செய்தது ஆர் எண்டு சுவரே சொல்லும். மூலையைப் பாருங்கோ. ஏரம்பு அண்ணை, நீங்களே வந்து பாருங்கோ."

சனம் கழுத்தை நீட்டியது. ஏரம்பு அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மாடு பார்க்கும் அதே நிதானத்தோடு சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார்.

"தி," என்றார். "எல்லாத்திலயும் தி."

"அன்ரி, உங்கட பூ எங்க?" என்று தர்மிளா பதறினாள்.

ஏரம்பு அண்ணை திரும்பினார். "இலட்சுமி, நீ என்ன சொல்லுறாய்?"

"நான் என்னத்தைச் சொல்ல, அண்ணை? குறி அவற்றதான். வார்னிஷுக்குக் கீழ கிடக்குது. ஊர் வழக்கப்படி தீருங்கோ."

"அப்ப வழக்கு ஒண்டுமில்லை. குறி ஆற்றையோ பொருள் அவற்ற. ரைல்ஸ் தில்லைநாதன்ர!"

தில்லைநாதனின் நெஞ்சு சேட்டுப் பொத்தான்களைச் சோதித்தது. இத்தனை வருசத்துக்குப் பிறகு அவருடைய பெயர், முழுசாக, ஒலிவாங்கிக்குப் பக்கத்தில்! தன் குறியை எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையில், அவர் சனத்துக்கு முதுகைத் திருப்பி, சுவரைத் தொட்டுக் காட்டினார்.

பின்னால் தர்மிளா 'களுக்' என்றாள். அடுத்து முன் வரிசை. அடுத்து, வெளியே பால் கான்களோடு நின்றவர்கள்.

"தில்லைநாதன்," என்றார் ஏரம்பு அண்ணை. "அப்பிடியே நில்லும். அசையாதையும்."

"ஏன் அண்ணை?"

"பிழை என்னிலதான். நாப்பது வருசமா மாடு பார்க்கிறன். மற்றப் பக்கம் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லிப்போட்டன்." அவர் கிட்ட வந்து குனிந்தார். வெள்ளைச் சேட்டின் முதுகில், சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு, நீலத்தில் வெண்டிக்காய்ப் பூக்கள் வட்டமாக விரிந்திருந்தன. "இது ஆற்ற குறி?"

"என்ர, அண்ணை," என்றாள் இலட்சுமி.

"எப்ப வைச்சது?"

"குறி இந்தக் கிழமைதான் வைச்சது. மாடு பழசு."

சிரிப்பு அடங்கும்வரை ஏரம்பு அண்ணை காத்திருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். அதாவது, தீர்ப்பு முடிந்தது.

"ரைல்ஸ் தில்லைநாதன்ர. தில்லைநாதன் இலட்சுமியின்ர. கண்டுக்குட்டி தாயோட போகட்டும். தர்மிளா, பொன்னாடையை அங்கால குடு பிள்ளை."

கை தட்டல் ஓய வெகு நேரமாயிற்று. வீட்டுக்குப் புறப்படும்போது, பொன்னாடையோடு சைக்கிளில் ஏற வந்த இலட்சுமியிடம் தில்லைநாதன் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இது தோய்ச்சால் போகுமோ?"

"வார்னிஷ் அடிச்சனான்."

"அப்ப... அந்தப் பொன்னாடையையாவது தாரும். முதுகில போட்டு மறைப்பம்."

"வேண்டாம் அப்பா, வெளியில தெரியட்டும்," என்றாள் இலட்சுமி. "எங்கயாவது வழி தவறினால், கண்ட ஆக்கள் பார்த்து வீட்டை கொண்டுவந்து கட்டிவிடுவினம்."