'பிரபல' என்ற சொல்லை எடுத்தது யார்?

அன்புள்ள கொழுந்தனாருக்கு,

இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் நலமில்லை. அதைப் பற்றி நீங்கள் கேட்கப் போவதில்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

காலமெல்லாம் நீங்கள் உதவி ஆசிரியராக இருந்த வாரப் பத்திரிகை பொன்விழா மலர் போடுகிறதாம். பழைய செய்திகளைத் திரட்டி மறுபடி அச்சிடுகிறார்களாம். உங்கள் அண்ணனின் மரணச் செய்தியும் அதில் வருகிறதென்று, என் சம்மதம் கேட்டு அந்தப் பக்கத்தை அனுப்பியிருந்தார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். 'பல் மருத்துவர் காலமானார்.' அவ்வளவுதான். அதே பக்கத்தில், அதே வாரம் போய்ச் சேர்ந்த மெத்தைக் கடைக்காரர் 'பிரபல மெத்தை வியாபாரி'. இந்த ஊரில் வாயைத் திறந்தவர்கள் எல்லாரும் உங்கள் அண்ணனிடம்தான் திறந்தார்கள். அவர் பிரபலமில்லை, மெத்தைக்காரர் பிரபலமா? அந்தப் பக்கத்தைத் திருத்தியவர் நீங்கள். உங்களுக்கு வலித்த பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லை அண்ணன் பிடுங்கியதை நீங்கள் மறக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

தொலைபேசியில் கேட்டதற்கு என்ன சொன்னீர்கள்? "அண்ணி, யாருன்னே தெரியாத ஆளுக்குத்தான் பிரபலன்னு போடுவோம். நம்ம அண்ணனைத் தெரியாதவங்க யாரு?" தேன் தடவிய பதில். கேட்டதும் என் சந்தேகம் இரட்டிப்பானது. நீங்கள் என்னிடம் இனிக்க இனிக்கப் பேசிய நாளெல்லாம் என் வீட்டில் நீங்கள் எதையாவது உடைத்த நாள்.

நான் கான்வென்ட்டில் படித்தவள். பார்க்காமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை. நூலகத்துக்குப் போய்ப் பழைய தொகுப்புகளைக் கேட்டேன்.

"எந்த வருஷம்மா வேணும்?" என்றாள் நூலகப் பெண்.

"எல்லா வருஷமும். ஒரு வார்த்தையைத் தேடணும்."

"ஒரு வார்த்தைக்கு இத்தனை தூசியா? அகராதி தரட்டுமா?"

"அர்த்தம் எனக்குத் தெரியும்மா. யார் யாருக்குத் தூக்கிக் குடுத்தாங்கன்னுதான் பாக்கணும்."

ஆரம்ப இதழ்களில் அந்தச் சொல்லைக் கஞ்சன் கைக்காசு போல இறுக்கிப் பிடித்திருந்தார்கள். ஒரு நீதிபதி, ஒரு பாடகி, அதோடு சரி. பிறகு யாரோ மடையைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். பிரபல மல்யுத்த வீரர், பிரபல கூந்தல் தைலம், பிரபல எருது. 'பிரபல திருடன் தப்பி ஓட்டம்' என்று ஒன்று. அத்தனை பிரபலமானவனைத் தெருவில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லையாம். 'பிரபல பேச்சாளர் ஒருவர் பேசினார்' என்று இன்னொன்று. பிரபலமானவருக்குப் பெயரைக் காணோம். நான் சிரித்த சிரிப்பில் நூலகப் பெண் எழுந்து வந்து, "அம்மா, மத்தவங்க படிக்கிறாங்க" என்றாள். நீங்கள் வேலைக்குச் சேர்ந்த பிறகு மேயருக்கும் போட்டிருக்கிறீர்கள். மேயரையும் யாருக்கும் தெரியாதோ? உங்கள் விதி அங்கேயே குப்புற விழுந்தது.

ஆக, எருதுக்குக் கிடைத்த மரியாதை உங்கள் அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. மலர் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் நீங்களே நேரில் போய் அந்தச் சொல்லைச் சேர்த்துவிட்டு வர வேண்டும். இல்லையென்றால் உங்கள் பேத்தியின் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன். காரணம் கேட்பவர்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

வீட்டில் பெரியவர் சிறியவர் அனைவருக்கும் என் ஆசிகள். உங்களுக்கான ஆசி வெள்ளிக்கிழமைக்குப் பிறகு.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன், பார்க்காமல் விட்ட ஒரு தொகுப்புக்காக மறுபடி நூலகம் போனேன். 'சீட்டாட்ட விடுதியில் பிரபல பல் மருத்துவர் உட்பட அறுவர் கைது.' யாருக்கோ தாங்க முடியாத பல்வலி என்று உங்கள் அண்ணன் அவசரமாகக் கிளம்பிப் போய் மறுநாள் திரும்பிய அதே வாரத்து இதழ். நீங்கள் எந்தச் சொல்லையும் சேர்க்க வேண்டாம். 'பல் மருத்துவர் காலமானார்' என்பது கச்சிதமான வாக்கியம். அந்த வருடத் தொகுப்பு மலர்க்காரர்கள் கண்ணில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். அது வேறு யாரோ ஒரு பல் மருத்துவர் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஜாமீனில் எடுத்தவர் பத்திரிகையில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி என்று கடைசி வரியில் இருக்கிறது. கல்யாணத்துக்குக் கட்டாயம் வருகிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: உங்களுக்கு மொத்தம் எத்தனை அண்ணன்?